மொட்டைக் கடிதமும் மூண்டு தபால் கந்தோரும்

போன இதழில விபிஎன் (உங்கட இணையப் போக்குவரத்தை வேற ஒரு கம்பனியின்ர சேர்வர் வழியா அனுப்புற ஆப்) பற்றி நாலே நாலு வரி எழுதினன், அதுக்குப் பிறகு வந்த கேள்வியில முக்கால்வாசி ஒரே விசயம்தான். இணையத்தில ஆள் தெரியாம போய்வர எது நல்லது, டோரா, ஐ2பியா (ரெண்டும் ஆளை மறைக்கிற இலவச வலை), இல்லாட்டி இப்ப புதுசா காசு கட்டச் சொல்லுற ஆக்களா எண்டு. அதால போன் சூடாகுது, பிரிண்டர் பேப்பர் இழுக்குதில்ல எண்டு எழுதினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுக்கணும், இந்த முறை பக்கம் முழுக்க இதுக்குத்தான். கேட்டவங்க யாரையும் அடையாளம் தெரியிற மாதிரி போடேல்ல, ஊர் மட்டும்தான்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): 2022 ஏப்ரல்ல பேஸ்புக்கை மறிச்ச அண்டைக்கு இறக்கின இலவச விபிஎன் இன்னும் என்ர போன்ல இருக்கு. எதுக்கும் இருக்கட்டும் எண்டு எப்பவும் ஓன் பண்ணித்தான் வச்சிருக்கிறன். அது காணும்தானே?

பதில்: காணாது. அந்த நாளை ஒருக்கா ஞாபகப்படுத்திப் பாருங்க. சனிக்கிழமை பின்னேரம் ஊரடங்கு போட்டாங்க, ஏப்ரல் 3 ஞாயிறு விடியேக்க பேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர், யூடியூப் எண்டு ஒண்டொண்டா நிண்டுபோச்சு. எங்கட மாடியில பக்கத்து வீட்டு ஐயா கதவைத் தட்டி "தம்பி, மகள் லண்டன்ல, கதைக்கேலாம கிடக்கு" எண்டு போனை நீட்டினார், நான் ஒரு விபிஎன் இறக்கிக் குடுத்தன், அரை மணித்தியாலத்தில மாடி முழுக்க அதே விபிஎன்தான். அப்ப அமைச்சரா இருந்த நாமல் ராஜபக்ஷவே தானும் விபிஎன் வழியாத்தான் எழுதுறன், இப்பிடித் தடை போடுறதில பிரயோசனம் இல்ல எண்டு ட்விட்டரில போட்டவர். பின்னேரமே தடையை எடுத்திட்டாங்க.

அண்டைக்கு அது செய்த வேலை சரியான வேலை. ஆனா மறிச்ச கதவைத் தாண்டுறது ஒரு வேலை, தாண்டினது யார் எண்டு தெரியாம பாக்கிறது இன்னொரு வேலை. விபிஎன் போட்டா உங்கட இணையக் கம்பனிக்கு நீங்க எங்க போறீங்க எண்டு தெரியாது, சரி, ஆனா அந்த விபிஎன் கம்பனிக்கு நீங்க யார் எண்டும் தெரியும் எங்க போறீங்க எண்டும் தெரியும், ரெண்டும் ஒரே இடத்தில. முந்தி ஒருத்தரிட்ட இருந்த உங்கட கொப்பி இப்ப வேற ஒருத்தரிட்ட இருக்கு, அவ்வளவுதான் நடந்தது. அதிலயும் இலவசம் எண்டா, அந்த சேர்வருக்கெல்லாம் மாசம் மாசம் காசு யார் கட்டுறாங்க எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்க.

இது ஒண்டும் புதுப் பிரச்சினை இல்ல. 1993இல பின்லாந்தில ஜொஹான் ஹெல்சிங்கியுஸ் எண்டவர் பெனெட் எண்டு ஒரு சேவை நடத்தினவர். அவருக்கு மெயில் அனுப்பினா உங்கட பெயரைக் கழட்டிப்போட்டு ஒரு நம்பரைப் போட்டு போகவேண்டிய ஆளுக்கு அனுப்பிவிடும், பதில் வந்தா திரும்ப உங்களிட்ட வரும். லட்சக்கணக்கான சனம் பாவிச்சது, மனுசனும் நேர்மையான மனுசன். ஆனா எந்த நம்பர் எந்த ஆள் எண்ட பட்டியல் அவற்ற அந்த ஒரே கம்பியூட்டரில இருந்துச்சு. 1995இல சயன்டோலொஜி எண்ட மத அமைப்பு குடுத்த முறைப்பாட்டில பின்லாந்து பொலிஸ் வந்து நிண்டபோது ஒரு ஆளின்ர விபரத்தை அவர் குடுக்கவேண்டி வந்துச்சு, அடுத்த வருசம் வழக்கு திரும்பவும் வர, பட்டியலைக் காப்பாத்தேலாது எண்டு 1996 ஆகஸ்ட்ல சேவையையே மூடிட்டார். அவர் நல்லவர் எண்டதால பட்டியல் தப்பேல்ல பாருங்க, பட்டியல் எண்டு ஒண்டு இருந்ததுதான் பிரச்சினை. உங்கட இலவச விபிஎன்காரர் அவரளவுக்கு நல்லவரா எண்டு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. இண்டைக்கே அழிச்சிடுங்க. கஃபே வைஃபையில இருந்து பேங்க் வேலை பாக்கிறதுக்கு விபிஎன் வேணும் எண்டா காசு கட்டி, வெளியாக்களை வச்சு தன்ர முறையைச் சோதிச்சு அறிக்கை போடுற ஒரு கம்பனியைப் பாருங்க.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): நான் தபால் கந்தோரில 31 வருசம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மருமகன் டோர், டோர் எண்டு கதைக்கிறார், வெங்காயம் எண்டுறார், எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. எனக்கு விளங்குற மாதிரி சொல்லேலுமா?

பதில்: ஐயா, உங்களுக்குச் சொல்லுறதுதான் ஆகச் சுகம், ஏனெண்டா இது முழுக்க உங்கட தொழில்தான். மொட்டைக் கடிதம் எத்தினை பாத்திருப்பீங்க. எழுதினவர் பெயரைப் போடமாட்டார், ஆனா கொட்டாஞ்சேனை எண்டு திகதி முத்திரை விழுந்திடும், கையெழுத்தும் காட்டிக்குடுக்கும். கொஞ்சம் விசயம் தெரிஞ்சவர் எண்டா கடிதத்தைக் கொண்டுபோய் கண்டியில போடுவார். விபிஎன் எண்டது அதுதான், முத்திரை கண்டி எண்டு விழும், ஆனா கண்டியில கடிதத்தை வாங்கின ஆளுக்கு உங்கட முகம் தெரியும்.

டோர் செய்யிறது வேற. கடிதத்தை ஒரு உறையில போட்டு ஒட்டி, அந்த உறையை இன்னொரு உறையில போட்டு, அதையும் இன்னொண்டில போட்டு, மூண்டு உறை. வெளி உறையில முதலாவது கந்தோரின்ர விலாசம் மட்டும். அங்க உள்ளவர் வெளி உறையைக் கிழிச்சா உள்ள ரெண்டாவது கந்தோரின்ர விலாசம், வேற ஒண்டும் தெரியாது. ரெண்டாவது ஆள் கிழிச்சா மூண்டாவதின்ர விலாசம். மூண்டாவது ஆள் கிழிச்சாத்தான் கடிதம் போகவேண்டிய இடம் தெரியும். இப்ப பாருங்க, முதலாவது ஆளுக்கு அனுப்பினது நீங்க எண்டு தெரியும், யாருக்கு எண்டு தெரியாது. மூண்டாவது ஆளுக்கு யாருக்கு எண்டு தெரியும், யார் எண்டு தெரியாது. நடுவில நிக்கிறவருக்கு ரெண்டுமே தெரியாது. உரிக்க உரிக்க வாறதால வெங்காயம். மூண்டு கந்தோரும் மூண்டு ஊரில, மூண்டு வேறவேற ஆக்கள் விரும்பி நடத்துற கம்பியூட்டர்கள். இப்பிடி உலகம் முழுக்க 7 ஆயிரத்துக்கு மேல இருக்கு.

இதை யோசிச்சது 1990களின்ர நடுவில அமெரிக்க கடற்படையின்ர ஆராய்ச்சிக் கூடத்தில இருந்த ஆக்கள். பிறகு ரோஜர் டிங்கிள்டைன், நிக் மத்தியூசன், அந்தக் கூடத்து போல் சைவர்சன் மூண்டு பேரும் சேர்ந்து இப்ப உள்ள டோரைச் செய்து 2003இல எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க. ஏன் திறந்துவிட்டாங்க எண்டதுதான் எனக்கு இதில ஆகப் பிடிச்ச விசயம். கடற்படைக்காரர் மட்டும் பாவிக்கிற வலை எண்டா, அதில இருந்து வாற எல்லாரும் கடற்படைக்காரர் எண்டு பச்சைப்பிள்ளைக்கும் விளங்கும். மறையிறதுக்கு சனம் வேணும், உங்களை மாதிரி, உங்கட மருமகன் மாதிரி, சமையல் குறிப்பு தேடுற ஆக்கள் மாதிரி எல்லாரும் வேணும். ஆடிவேல் தேருக்குப் பின்னால காலி வீதி நிறைய சனம் போகேக்க அதுக்குள்ள ஒரு ஆளைத் தேடுறது கஷ்டம், அதே வீதியில இரவு ரெண்டு மணிக்கு முகத்தை மூடிக்கொண்டு ஒரு ஆள் போனா அவரைத்தான் எல்லாரும் பாப்பாங்க.

இது சும்மா சொல்லுற கதை இல்ல. 2013 டிசம்பர்ல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு குண்டு வச்சிருக்கு எண்டு பொய்யா ஒரு மெயில் வந்துச்சு. அனுப்பின மாணவன் டோர் பாவிச்சவன்தான், டோர் உடையேல்ல. ஆனா அவன் பல்கலைக்கழகத்தின்ர வைஃபையிலயே நிண்டு பாவிச்சிருக்கிறான். அந்த நேரம் அந்த வைஃபையில டோருக்குப் போனவங்க யார் எண்டு பாத்தாங்க, மிச்சம் கொஞ்சப் பேர்தான், போய்க் கேட்டாங்க, ஒத்துக்கொண்டிட்டான்.

மருமகனிட்டச் சொல்லி டோர் பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போகச் சொல்லுங்க. விலாசம் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில உள்ள சின்ன அடையாளத்தை அமத்தினா அந்த மூண்டு கந்தோரும் எந்தெந்த நாட்டில எண்டு வரிசையா வரும், நான் இதை எழுதேக்க என்ரதில ஜெர்மனி, ருமேனியா, நெதர்லாந்து. ஜன்னலைச் சுத்தி சாம்பல் நிறத்தில ஒரு கரை நிக்கும், அது பிழை இல்ல. ஒவ்வொருத்தர்ட திரையும் ஒவ்வொரு அளவு, அந்த அளவை வச்சே ஆளை அடையாளம் பிடிக்கலாம், அதால எல்லாருக்கும் ஒரே மாதிரி சில அளவில மட்டும் பக்கத்தைக் காட்டி மிச்சத்தை கரையா விடுறாங்க. நான் மேல சொன்ன கையெழுத்துப் பிரச்சினைக்கு அதுதான் மருந்து. ஆனா டோருக்குள்ள போயும் உங்கட சொந்தப் பெயரில பேஸ்புக்கைத் திறந்தா, மொட்டைக் கடிதத்துக்கு அடியில கையொப்பம் போட்ட மாதிரித்தான்.

ஒண்டு கவனம். மூண்டாவது ஆள் கடைசி உறையைக் கிழிக்கேக்க உள்ள இருக்கிறது ஒட்டின கடிதமா தபாலட்டையா எண்டு பாக்கணும். 2007இல டான் எகர்ஸ்டாட் எண்ட சுவீடன்காரர் தானே அஞ்சு கடைசிக் கந்தோர் நடத்தி, அதுக்குள்ளால போன தபாலட்டைகளை வாசிச்சே எத்தினையோ நாட்டுத் தூதரகங்களின்ர மெயில் பாஸ்வேர்ட் எடுத்து, நூறு கணக்கை வெளியில போட்டவர். இப்ப அநேகமான தளங்கள் பூட்டுப் போட்டுத்தான் (https) அனுப்புது, டோர் பிரவுசரும் பூட்டு இல்லாத தளத்துக்குப் போக முதல் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீங்க.

கேள்வி (பம்பலப்பிட்டி, பல்கலைக்கழக மாணவர்): டோரையும் ஐ2பியையும் ஒப்பிட்டு ஒரு அசைன்மென்ட் செய்யவேணும். தேடின இடமெல்லாம் ஐ2பிதான் பாதுகாப்பு கூட எண்டு போட்டிருக்கு. உண்மையா? போர்டிங்கில ஓட்டிப் பாக்கேலுமா?

பதில்: தம்பி, "பாதுகாப்பு கூட" எண்டு எழுதினா உங்கட லெக்சரர் யாரிட்ட இருந்து எண்டு கேப்பார், கேக்காட்டி நீங்களே கேளுங்க. ரெண்டும் ரெண்டு தேவைக்குச் செய்தது. டோர் முக்கியமா வெளியில போறதுக்கு, அதாவது உள்ளுக்கு நுழைஞ்சு மூண்டு இடம் தாண்டி சாதாரண இணையத்துக்கு வெளிக்கிட. டொட் ஒனியன் தளங்கள் எண்டு உள்ளுக்குள்ளயே இருக்கிறதும் உண்டு, பிபிசி 2019இல ஒண்டு திறந்தது, ஆனா சனம் கூடப் பாவிக்கிறது வெளியில போறதுக்குத்தான். ஐ2பி நேர்மாறு, அது 2003இல தொடங்கினதே உள்ளுக்குள்ள ஆக்கள் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்க, தளம் வைக்க, பைல் மாத்த. வெளியில போற கதவு அதில இருக்கு எண்டுதான் பெயர், ரெண்டு மூண்டு பேர் விரும்பி வச்சிருக்கிறது, அதை நம்பி செய்தித்தளம் வாசிக்க வெளிக்கிடாதீங்க.

வேலை செய்யிற விதத்திலயும் வித்தியாசம் இருக்கு. டோரில போற பாதையாலதான் பதிலும் வரும். ஐ2பியில போறதுக்கு ஒரு சுரங்கம், வாறதுக்கு வேற சுரங்கம். சாதாரணமா ஒவ்வொண்டிலயும் மூண்டு பேர், உங்கட பக்கம் மூண்டு, மற்றவர்ட பக்கம் மூண்டு, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் உடைச்சுப் புதுசாக் கட்டும். பாதையில ஒரு இடத்தில நிண்டு பாக்கிறவனுக்கு பாதிக் கதைதான் கேக்கும். பல செய்தியை ஒரு கட்டாக் கட்டி அனுப்பலாம் எண்டதால வெங்காயத்துக்குப் பதிலா பூண்டு எண்டு பெயர் வச்சாங்க, ஒவ்வொரு செய்தியும் ஒரு பல்லு. டோரில யார் யார் கந்தோர் நடத்துறாங்க எண்ட பட்டியலை விரல் விட்டு எண்ணக்கூடிய சில நம்பிக்கையான சேர்வர்கள் வாக்களிச்சு வெளியிடும், ஐ2பியில அப்பிடி நடுவில ஒருத்தரும் இல்ல, பட்டியல் வலை முழுக்கப் பரவிக் கிடக்கும். தலை இல்லாததால வெட்டவும் ஏலாது, அதே நேரம் பொய் ஆக்களை ஆயிரக்கணக்கில உள்ளுக்கு விட்டா தடுக்கிறதும் கஷ்டம். 2023 பெப்ரவரியில அப்பிடி ஒரு தாக்குதல் நடந்து வலை நல்லாச் சோர்ந்துபோச்சு.

இன்னொண்டு, இதை கட்டாயம் அசைன்மென்ட்ல போடுங்க. ஐ2பியில பாவிக்கிற எல்லாரும் கந்தோர்தான். உங்கட லெப்டொப்பும் மற்றவங்கட கடிதத்தைச் சுமக்கும். நல்லது என்னெண்டா, உங்கட வீட்டில இருந்து போற கடிதம் உங்கடதா, வேற ஆளின்ரதா எண்டு வெளியால பாக்கிறவருக்குத் தெரியாது. கெட்டது என்னெண்டா, உங்கட ஐபி (இணையத்தில உங்கட லைனின்ர விலாசம்) அந்தப் பட்டியல்ல இருக்கும், இந்த ஆள் ஐ2பி பாவிக்கிறார் எண்டு தேடுற எவருக்கும் தெரியும். டோரிலயும் நீங்க டோருக்குப் போறது உங்கட கம்பனிக்குத் தெரியும், ஆனா அதுக்கு பிரிட்ஜ் எண்டு பட்டியல்ல இல்லாத இரகசியக் கந்தோர் இருக்கு. அதோட கூட்டம். டோரில ஒரு நாளைக்கு 20 லட்சத்துக்கு மேல சனம், ஐ2பியில சில பத்தாயிரம் கம்பியூட்டர்தான். நான் மேல அந்த ஐயாவுக்கு எழுதின ஆடிவேல் கதையை வாசிங்க, அது உங்கட கேள்விக்கும் பாதி விடை.

போர்டிங்கில ஓட்டலாம், ஆனா சிம் போட்ட 4ஜி ரவுட்டர் எண்டா யோசிங்க, மற்றவங்கட கடிதம் போறதும் உங்கட டேட்டாவிலதான். நான் பழைய லெப்டொப் ஒண்டில ஒரு மாசம் ஓட்டிப் பாத்தன். பிரவுசரில 127.0.0.1:7657 எண்டு அடிச்சா அதின்ர பலகை வரும், முதல் நாள் கால் மணித்தியாலம் ஒரு சுரங்கமும் இல்ல, பிறகு ஒண்டு, பிறகு மூண்டு, பக்கத்தில "பயர்வோல்" எண்டு ஒரு முறைப்பாடு, ஏனெண்டா 4ஜியில எங்களுக்கெண்டு தனி ஐபி தாறதில்ல, ஒரே ஐபிக்குப் பின்னால கன வீடு. பைபர் உள்ள நண்பன் வீட்டில கொண்டுபோய் வச்ச பிறகுதான் ஒழுங்கா ஓடினது. இதுக்குள்ள ஒரு தளம் திறக்க அரை நிமிசம் போனாலும் ஓடாம விட்டிடாதீங்க, விட்டு விட்டு ஓட்டுறதை விட நாள் முழுக்க ஓடவிட்டாத்தான் வேகம் வரும்.

கேள்வி (புறக்கோட்டை வாசகர்): டோருக்குள்ளால டொரென்ட் இறக்கலாமா?

பதில்: இறக்காதீங்க. டொரென்ட் (பெரிய பைலை ஆக்கள் தங்களுக்குள்ள துண்டு துண்டா மாத்துற முறை) மென்பொருள் தன்ர பாட்டில உங்கட உண்மையான ஐபியைச் சொல்லிப்போடும், மூண்டு உறையும் வீண். விரும்பி நடத்துற ஆக்களின்ர கந்தோரையும் மூட்டை ஏத்தி நிரப்புறீங்க. ஐ2பிக்குள்ள அதுக்கெண்டே செய்த ஒண்டு இருக்கு.

கேள்வி (கொள்ளுப்பிட்டி, அலுவலக ஊழியர்): எங்கட ஒபிஸ் வாட்ஸ்அப் குரூப்பில டோர் பாவிச்சாலே உள்ள போடுவாங்க எண்டு ஒரு செய்தி சுத்துது. உண்மையா?

பதில்: டோரோ விபிஎன்னோ பாவிக்கிறதே குற்றம் எண்டு இலங்கையில சட்டம் இல்ல. 2024ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (ஒன்லைன் சேஃப்டி அக்ட்) பாக்கிறது என்ன எழுதினீங்க, என்ன பரப்பினீங்க எண்டதை, எந்த வீதியால வந்தீங்க எண்டதை இல்ல. எழுதுற ஆள் எண்டா அந்தச் சட்டத்தை தமிழில எடுத்து ஒருக்கா வாசிங்க, சந்தேகம் எண்டா ஒரு சட்டத்தரணியிட்டக் கேளுங்க. பயப்படுற ஆக்களை நான் குறை சொல்லமாட்டன். 2007 ஜூன்ல தமிழ்நெற் செய்தித்தளத்தை இலங்கைக்குள்ள மறிச்ச காலத்தில வெள்ளவத்தை நெட் கஃபேயில தடையைச் சுத்திப் போற ப்ரொக்சி விலாசத்தை சிகரெட் பெட்டி மட்டையில எழுதி கைக்குள்ள வச்சுத் தருவாங்க, வாங்கிற எங்களுக்கு கை நடுங்கும். பிறகு சமூக வலைத்தளங்களை மறிச்சாங்க, 2018 மார்ச்சில கண்டிக் கலவரத்தோட ஒரு கிழமை, 2019இல உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு ஒன்பது நாள், பிறகு மே மாசமும், 2022இல சொன்னன்தானே. இவ்வளவும் பாத்த சனம் பயப்படாட்டித்தான் புதினம். அதுக்காக தெரியாததை எல்லாம் குற்றம் எண்டு குரூப்பில தள்ளிவிடாதீங்க, உண்மையாவே அது தேவைப்படுற ஒரு ஆள் அதை வாசிச்சிட்டு பயந்து ஒதுங்கிடுவார்.

கேள்வி (தெஹிவளை வாசகர்): நிம் எண்டு ஒண்டு டோரை விட நல்லம், அரசாங்கமே வந்தாலும் பிடிக்கேலாது எண்டு விளம்பரம். ஃப்ரீநெட் எண்டும் ஒண்டு இருக்காம். காசு கட்டலாமா?

பதில்: டோரில ஒரு ஓட்டை இருக்கு, அதை டோர்காரரே ஒளிக்காமச் சொல்லுறாங்க. உங்கட வீட்டு லைனையும், நீங்க போற இடத்தின்ர லைனையும் ரெண்டையும் ஒரே ஆள் பாத்துக்கொண்டிருந்தா, எட்டு மணி மூண்டு நிமிசம் பன்ரெண்டாவது செக்கன்ல இங்க இவ்வளவு பெரிய பொதி வெளிக்கிட்டுது, அடுத்த செக்கன்ல அங்க அவ்வளவு பெரிய பொதி வந்துசேர்ந்துது, இப்பிடி ஐம்பது தரம் பாத்தா உறையைக் கிழிக்காமலே ஆளைப் பிடிக்கலாம். கந்தோர்காரர் கடிதம் வந்த உடனயே அனுப்புறதால வாற வினை. உடன அனுப்பாட்டி தளம் திறக்க கனநேரம் எடுக்கும், சனம் பாவிக்காது, சனம் இல்லாட்டி மறைவும் இல்ல. அதால டோர் தெரிஞ்சேதான் வேகத்தை எடுத்துக்கொண்டது.

மற்ற வழியை டேவிட் சோம் எண்டவர் 1981லயே எழுதிவச்சிட்டார். கந்தோரில கடிதங்களைச் சேர்த்து, கலக்கி, வந்த ஒழுங்கு மாறி வெளியில விடு, எது எது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மிக்ஸ்நெட் எண்டு பெயர். நிம் அந்த வழிதான், பொதி எல்லாம் ஒரே அளவு, ஒவ்வொரு இடத்திலயும் கொஞ்சம் தாமதம், நீங்க ஒண்டும் அனுப்பாத நேரமும் போலிப் பொதி போய்க்கொண்டே இருக்கும். யோசனை அருமையான யோசனை, நான் மதிக்கிறன். ஆனா 2025இலதான் சனத்துக்கு எண்டு ஆப் வந்தது. அதுக்குள்ள ரெண்டு முறை இருக்கு, ஒண்டு அஞ்சு இடம் தாண்டி மெதுவாப் போற மிக்ஸ்நெட், மற்றது ரெண்டே ரெண்டு இடம் தாண்டுற வேகமானது. வேகமானதில இந்தக் கலக்கிறது தாமதிக்கிறது ஒண்டும் இல்ல, வீடியோ பாக்க நீங்க அதைத்தான் அமத்துவீங்க, பிறகு விளம்பரத்தில வாசிச்ச பாதுகாப்பு உங்களுக்கு இல்ல. டோரளவு கூட்டமும் இன்னும் சேரேல்ல. இங்க வாழுற எங்களில எத்தினை பேருக்கு உலகத்து லைன் எல்லாத்தையும் ஒரே நேரம் பாக்கிற எதிரி இருக்கிறார்? இருந்தா கட்டுங்க. மெசேஜ் மாதிரி கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லாத விசயத்துக்கு எதிர்காலம் இந்தப் பக்கம்தான் எண்டு நினைக்கிறன், பிரவுசிங்குக்கு எண்டா இப்போதைக்கு டோர்.

ஃப்ரீநெட் வேற சாதி. எடின்பரோவில படிச்ச இயன் கிளார்க்கின்ர யோசனை, 2000இல வெளிவந்தது. நீங்க போடுற பக்கம் துண்டு துண்டா, பூட்டுப் போட்டு, மற்றவங்கட கம்பியூட்டரில போய் இருக்கும், அவங்கட துண்டு உங்களிட்ட இருக்கும், என்ன துண்டு எண்டு உங்களுக்கே தெரியாது. போட்ட ஆள் கம்பியூட்டரை மூடிட்டுப் போனாலும் பக்கம் உயிரோட இருக்கும், ஒருத்தரும் தேடாட்டி மெல்ல மெல்ல அழியும். தெரிஞ்ச ஆக்களோட மட்டும் தொடுக்கிற முறையும் இருக்கு. 2023இல அதுக்கு ஹைஃபாநெட் எண்டு பெயரை மாத்தி, பழைய பெயரை வேற ஒரு புதுத் திட்டத்துக்குக் குடுத்திட்டாங்க, அதால இறக்கேக்க குழம்பாதீங்க. காசு தேவையில்ல.

கேள்வி (ஊர் போடேல்ல): வீட்டுக்காரர் அடிக்கிறவர். உதவி தேடவேணும். ஆனா என்ர போனை ஒவ்வொரு இரவும் வாங்கிப் பாக்கிறவர். டோர் போட்டா அவருக்குத் தெரியாம தேடலாமா?

பதில்: தங்கச்சி, போடாதீங்க. இந்த இதழில நான் எழுதின எந்த வலையும் உங்களுக்கு உதவாது. இதெல்லாம் தூரத்தில நிண்டு லைனைப் பாக்கிற ஆளிட்ட இருந்து மறைக்கச் செய்தது, உங்கட ஆள் போனையே கையில எடுத்துப் பாக்கிறவர். புதுசா ஒரு ஆப் இருந்தா, அதுவும் வெங்காயப் படம் போட்ட ஆப் இருந்தா, அதுதான் முதல்ல கண்ணில படும். தேடினதை எல்லாம் ஒரேயடியா அழிக்கவும் வேண்டாம், வெறுமையா இருந்தா ஏன் எண்டு கேப்பார். உங்கட போனை எப்பவும் போலவே வச்சிருங்க, சமையல், நாடகம், பிள்ளையின்ர பள்ளிக்கூடம். தேடுறதை வேற ஆளின்ர போன்ல தேடுங்க, அம்மா வீட்டில, வேலை இடத்தில, நம்பின ஒரு சிநேகிதியிட்ட. பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938, அதை உங்கட போன்ல இருந்து அடிக்காதீங்க, சேவ் பண்ணவும் வேண்டாம், மனசில வச்சிருந்து வேற போன்ல இருந்து அடியுங்க. போன்ல உங்கட இடத்தைக் காட்டுற வசதி அவற்ற கணக்கோட இணைஞ்சிருக்கலாம், அதையும் சட்டெண்டு நிப்பாட்டாதீங்க. வெளிக்கிடுற நாளில போனை விட்டிட்டுப் போறதா, என்ன செய்யிறதா எண்டதை உதவி செய்யிற ஆக்களோட கதைச்சு முடிவெடுங்க. திரும்ப எழுதுறதெண்டாலும் வேற ஆளின்ர கையால எழுதிப் போடுங்க. நான் பாத்துக்கொண்டிருப்பன்.

கேள்வி (மட்டக்குளி, செய்தியாளர்): ஒரு ஆள் எனக்கு ஆவணம் தரத் தயார், ஆனா வாட்ஸ்அப்பில அனுப்பப் பயப்பிடுறார். டோரால செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஒனியன்ஷெயர் எண்டு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. உங்கட கம்பியூட்டரே கொஞ்ச நேரத்துக்கு ஒரு டொட் ஒனியன் தளமா மாறும், அவர் டோர் பிரவுசரில அந்த நீட்டு விலாசத்தை அடிச்சு பைலைப் போட்டா நேரா உங்களிட்ட வரும், நடுவில எந்தக் கம்பனியும் இல்ல. முடிஞ்ச உடன மூடிடுங்க. அவர் தன்ர ஒபிஸ் லைன்ல இருந்து செய்யக்கூடாது, ஹார்வர்ட் பொடியனுக்கு நடந்ததை அவருக்குச் சொல்லுங்க. போன்ல எடுத்த படம் எண்டா எந்தப் போன், எத்தினை மணி, சில நேரம் எந்த இடம் எண்டு படத்துக்குள்ளயே எழுதியிருக்கும், வெளியிட முதல் அதை நீக்குறது உங்கட பொறுப்பு. அந்த ஆவணம் எத்தினை பேர் கைக்குப் போனது எண்டும் கேளுங்க. ரெண்டே ரெண்டு பேர் கைக்குப் போனதெண்டா எந்த வலையும் அவரைக் காப்பாத்தாது, அப்பிடியே அச்சில போட்டிடாதீங்க.

கேள்வி (வத்தளை வாசகி): கேக்கிறதுக்கு மட்டும் எழுதேல்ல. இந்த வலைகளை சனம் விரும்பி நடத்துது எண்டு கேள்விப்பட்டன். வீட்டில இருந்து நானும் ஏதாவது செய்யலாமா?

பதில்: இப்பிடிக் கேட்டு வந்தது உங்கட ஒரு கடிதம்தான், வாசிக்கச் சந்தோசமா இருந்துச்சு. கடைசிக் கந்தோர் மட்டும் வீட்டில நடத்தாதீங்க, மற்றவங்க செய்யிற எல்லாத்துக்கும் உங்கட வீட்டு ஐபிதான் முன்னுக்கு நிக்கும், அதை அதுக்கெண்டு உள்ள அமைப்புகள் செய்யட்டும். நீங்க செய்யக்கூடியது ஸ்னோஃப்ளேக். பிரவுசரில போடுற சின்ன எக்ஸ்டென்சன், அவ்வளவுதான். டோரை மறிச்ச நாட்டில உள்ள ஒரு ஆள் உங்கட பிரவுசருக்குள்ளால டோருக்குள்ள நுழைவார், வெளியால பாக்கிறவருக்கு அது ஒரு வீடியோ கோல் மாதிரித் தெரியும். உங்களைத் தாண்டி அவர் இன்னும் கந்தோர்களுக்கூடாப் போறதால அவர் எங்க போறார் எண்டு உங்களுக்குத் தெரியாது, போற இடத்துக்கு உங்கட ஐபியும் தெரியாது. 2022 செப்டெம்பர்ல ஈரான்ல சனம் வீதிக்கு இறங்கின நேரம் ஸ்னோஃப்ளேக் பாவிச்சவங்கட தொகை ஒரேயடியாக் கூடினது, அண்டைக்கு அவங்களுக்கு வழி விட்டது இப்பிடி எங்கெங்கயோ வீட்டில திறந்து கிடந்த பிரவுசர்கள்தான்.

அளவில்லாத பைபர் பெக்கேஜ் எண்டா போட்டுவிடுங்க, போன் டேட்டா எண்டா வேண்டாம். யாராவது உள்ளுக்கு இருக்கேக்க அந்த ஐகன் பச்சையாகும், அமத்திப் பாத்தா கடந்த 24 மணித்தியாலத்தில எத்தினை பேர் உங்களால போனாங்க எண்டு வரும். இதை எழுதி முடிக்கேக்க என்ரதில 11.